ஜேம்ஸ் வேட்: உலகப் பட்டம் இல்லாதவருக்கு முதல் ஐந்தில் இடம் உண்டா?

டபுள்_பத்து எழுதியது:

நேற்று இன்னொரு இழையில் இங்கிலாந்தின் எல்லாக் காலத்துக்குமான முதல் ஐந்து டார்ட்ஸ் (வட்டப் பலகையில் சிறு அம்பெறியும் ஆட்டம்) ஆட்டக்காரர்கள் யார் என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் போட்ட பெயர்கள் ஃபில் டெய்லர், எரிக் பிரிஸ்டோ, ஜான் லோ, லூக் லிட்லர், ஜேம்ஸ் வேட். முதல் நான்கு பேரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஐந்தாவது பெயரைப் பார்த்ததும் "உலகச் சாம்பியன்ஷிப்பில் இறுதிப் போட்டிக்கே போகாத ஆளா?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அதற்குத்தான் இந்தத் தனி இழை.

ஆல்டர்ஷாட்டில் 1983-இல் பிறந்தவர், இடதுகைக்காரர். 2007-இல் பிளாக்பூலில் வேர்ல்ட் மேட்ச்ப்ளே இறுதியில் டெரி ஜென்கின்ஸை 18-7 லெக் (501-இலிருந்து பூஜ்யம் வரை இறங்கும் ஒரு சுற்று) என்று வென்றபோது வயது 24. தொழில்முறை டார்ட்ஸை நடத்தும் பிடிசி-யின் பெரிய போட்டி ஒன்றை அதுவரை அவ்வளவு இளம் வயதில் யாரும் வென்றதில்லை. அதே ஆண்டு வேர்ல்ட் கிராண்ட் பிரீயும் அவருக்குத்தான். 2007 தொடங்கி 2021 வரை பதினொரு பெரிய பட்டங்கள். மேட்ச்ப்ளே, கிராண்ட் பிரீ இரண்டு முறை, யுகே ஓப்பன் மூன்று முறை, பிரீமியர் லீக், மாஸ்டர்ஸ், ஐரோப்பிய சாம்பியன்ஷிப் எல்லாம் அதில் அடங்கும்.

இத்தனையும் டெய்லர் உச்சத்தில் இருந்தபோது தொடங்கி, நெதர்லாந்தின் மைக்கேல் வான் கெர்வன் ஆண்ட காலத்தைத் தாண்டி வந்தவை. டெய்லர் பிரீமியர் லீக்கில் மூன்று சீசன் தோற்கவே இல்லை. 2008 தொடக்கத்தில் முதன்முதலாக அவரைத் தோற்கடித்தவர் வேட். எனக்கு இதற்கு மேல் சான்று தேவைப்படவில்லை.

ஸ்டோக்_ரசிகன் எழுதியது:

சகோ, அந்த மூன்று பேரில் நானும் ஒருவன். எண்ணிக்கை பெரிதுதான். ஆனால் ஒவ்வொன்றையும் எடுத்துப் பாருங்கள்.

2007 மேட்ச்ப்ளே இறுதியில் எதிரே டெய்லர் இல்லை. டெய்லர் எதிரே நின்ற மேட்ச்ப்ளே இறுதிகளில் நடந்தது என்ன? 2006-இல் 18-11, 2008-இல் 18-9, 2011-இல் 18-8, 2012-இல் 18-15. நான்கும் தோல்வி. பதினொன்றில் ஒன்று சாம்பியன்ஷிப் லீக். 2013-க்குப் பிறகு அந்தப் போட்டியே நடக்கவில்லை. 2021 யுகே ஓப்பன் கொரோனா காலத்தில் பார்வையாளர் ஒருவர்கூட இல்லாத அரங்கில் நடந்தது.

டார்ட்ஸில் எல்லோரும் ஆண்டு முழுக்கத் தயாராவது ஒரே ஒரு போட்டிக்கு. டிசம்பரில் லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸில் தொடங்கும் உலகச் சாம்பியன்ஷிப். அங்கே வேட் நான்கு முறை அரையிறுதிக்குப் போனார்: 2009, 2012, 2013, 2022. நான்கிலும் அங்கேயே நின்றுவிட்டார்.

அதில் 2012-ஐ என்னால் மறக்க முடியாது. எங்கள் ஸ்டோக்கின் அட்ரியன் லூயிஸுக்கு எதிராக வேட் 5-1 என்று முன்னிலை. ஆறு செட் (சில லெக்குகள் சேர்ந்தது ஒரு செட்) எடுத்தால் இறுதிப் போட்டி. ஒரே ஒரு செட் போதும். லூயிஸ் அடுத்தடுத்து ஐந்து செட் எடுத்து 6-5 என்று முடித்தார். மறுநாள் ஆண்டி ஹாமில்டனை 7-3 என்று வென்று கோப்பையையும் தக்கவைத்துக்கொண்டார். ஐந்தாவது இடம் லூயிஸுக்கு. 2011, 2012 என்று இரண்டு உலகப் பட்டங்கள், அதோடு உலகச் சாம்பியன்ஷிப் இறுதி ஒன்றில் விழுந்த முதல் ஒன்பது டார்ட் லெக் (501-ஐ மிகக் குறைந்த ஒன்பதே டார்ட்டில் முடிப்பது). இன்னும் என்ன வேண்டும்?

புதுமுகம்_24 எழுதியது:

நான் 2024 தொடக்கத்தில் லிட்லரும் ஹம்ப்ரீஸும் ஆடிய இறுதியைப் பார்த்துத்தான் இந்த ஆட்டத்துக்கு வந்தேன். ஒரு சின்ன சந்தேகம். வேடைப் பற்றிப் பேசும்போதெல்லாம் டபுள் 10 என்கிறார்களே, அதில் என்ன இருக்கிறது?

டபுள்_பத்து எழுதியது:

என் பெயரே அதுதான், நானே சொல்கிறேன்.

501-இலிருந்து இறங்கிவந்து, கடைசி டார்ட் டபுளில், அதாவது எண்ணுக்கு இரு மடங்கு தரும் ஓரத்துக் குறுகிய வளையத்தில், விழுந்தால்தான் லெக் முடியும். பெரும்பாலானோர் 32 மீதம் வைத்து டபுள் 16-ஐக் குறிவைப்பார்கள். காரணம் எளிது. தவறி ஒற்றை 16-இல் விழுந்தால் மீதம் 16, டபுள் 8 போதும். அங்கேயும் உள்ளே விழுந்தால் டபுள் 4, பிறகு டபுள் 2, டபுள் 1. பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகும், கணக்கு உடையாது.

டபுள் 10 அப்படி இல்லை. தவறி ஒற்றை 10-இல் விழுந்தால் டபுள் 5. அங்கேயும் உள்ளே விழுந்தால் மீதம் 5, ஒற்றைப்படை. அதைச் சரிசெய்ய ஒரு டார்ட் வீணாகும். அதனால் மற்றவர்கள் டபுள் 20-ஐக் குறிவைத்து ஒற்றை 20-இல் விழுந்தால் மட்டும் வேறு வழியில்லாமல் அங்கே வந்து சேர்வார்கள். வேட் அங்கேதான் போக விரும்புவார். மற்றவர்கள் ஒதுக்கும் இடத்தில் ஒரு மனிதர் இருபது ஆண்டு பிழைத்திருக்கிறார் என்றால், அந்தக் கை எவ்வளவு நிதானமானதாக இருக்க வேண்டும்!

அவர் டிரிபிள் 20-ஐ (மும்மடங்கு, 60 புள்ளி தரும் கட்டம்) வான் கெர்வன் போலக் குவிக்கிறவர் இல்லை. பார்க்க மெதுவாக இருக்கும். எதிராளி மூன்று டார்ட் தவறவிட்டுத் திரும்பும்போது இவர் ஒரே டார்ட்டில் முடித்துவிட்டு நடந்துபோவார். கிராண்ட் பிரீயில் ஒவ்வொரு லெக்கையும் டபுளில் தொடங்கவும் வேண்டும். டபுள் தெரியாதவனுக்கு அங்கே வேலை இல்லை. அதை இரண்டு முறை வென்றிருக்கிறார். 2010-இல் இறுதியில் அவர் 6-3 என்று வென்றது யாரைத் தெரியுமா, ஸ்டோக் நண்பரே? உங்கள் லூயிஸைத்தான்.

மூன்று டார்ட்டுக்கு எத்தனை புள்ளி என்கிற சராசரியை வைத்து இவரை அளக்கவே கூடாது.

ஸ்டோக்_ரசிகன் எழுதியது:

2010 இறுதியை ஒப்புக்கொள்கிறேன். அன்று வேட் நன்றாகவே ஆடினார்.

சராசரி விஷயத்தில் தவறான கணக்கு சொல்கிறீர்கள். டபுளில் தவறிய டார்ட்டும் சராசரியில் சேர்கிறது. பதினைந்து டார்ட்டில் 501-ஐ முடித்தால் மூன்று டார்ட்டுக்கு 100.2. ஒருவன் பன்னிரண்டு டார்ட்டில் 40-க்கு வந்துவிட்டு, அடுத்த ஆறு டார்ட்டைக் காற்றில் விட்டால், அந்த ஆறும் அவன் சராசரியைக் கீழே இழுத்துவிடும். டபுளில் வல்லவர் என்றால் அது சராசரியிலேயே தெரிந்திருக்க வேண்டும். சராசரியை அளவுகோலாக வைக்கக் கூடாது என்று நீங்கள் சொல்வதற்கு, அது வேடுக்குச் சாதகமாக இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

கிராண்ட் பிரீயை எடுத்ததும் நல்லதாகப் போயிற்று. வேட் ரசிகர்கள் வழக்கமாகச் சொல்வது, உலகச் சாம்பியன்ஷிப் செட் கணக்கில் நடக்கிறது, அவர் நீண்ட லெக் ஆட்டக்காரர் என்று. கிராண்ட் பிரீயும் செட் கணக்குத்தானே! அங்கே வெல்ல முடிந்தவருக்கு அலெக்சாண்ட்ரா பேலஸில் ஏன் முடியவில்லை?

டபுள்_பத்து எழுதியது:

கணக்கு நீங்கள் சொல்வதுதான் சரி. அந்தக் கடைசி வரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நான் சொல்ல வந்தது வேறு. எந்த நேரத்தில் டபுள் விழுகிறது என்பதைச் சராசரி காட்டாது. எதிராளி முதலில் எறியத் தொடங்கிய லெக்கை அவரிடமிருந்து பறிக்கும்போது விழும் டபுளும், செட் கையைவிட்டுப் போன பிறகு விழும் டபுளும் கூட்டலில் ஒன்றேதான். வேட் வாழ்ந்தது முதல் வகையில்.

2012 பற்றி. அந்த ஆட்டத்தின் நடுவே மேடையில் காற்று வீசுகிறது என்று இருவரும் இறங்கிப்போனதும், ஆட்டம் நின்று தொடங்கியதும் உங்களுக்கு நினைவிருக்கும். எடை குறைந்த டார்ட்டுக்குக் காற்று சின்ன விஷயம் இல்லை.

ஸ்டோக்_ரசிகன் எழுதியது:

காற்று இருவர் மேலும்தான் வீசியது.

லெஸ்டர்_அக்கா எழுதியது:

தம்பிமார் இருவரும் நன்றாக வாதாடுகிறீர்கள், ஆனால் ஒரு பக்கத்தைத் தொடவே இல்லை. நான் இங்கே உள்ளூர் பப் லீக்கில் ஒன்பது வருடமாக எறிகிறேன். வேடைப் பார்க்கப் பிடிக்கும். ஆட்டத்துக்காக மட்டும் இல்லை.

அவருக்குப் பைபோலார் என்கிற இருதுருவ மனநலக் கோளாறு இருப்பதை அவரே வெளிப்படையாகச் சொன்னார். 2011-இல் சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்ந்தார். ஸ்டோக்_ரசிகன் சொல்லும் அந்த 2012 அரையிறுதி அதற்கு அடுத்த ஜனவரியில் நடந்தது. சிகிச்சைக்குப் போன ஒரு வருடத்துக்குள் உலகச் சாம்பியன்ஷிப்பில் 5-1 வரை போயிருக்கிறார். நீங்கள் 5-1-இலிருந்து தோற்றதைப் பார்க்கிறீர்கள். நான் 5-1 வரை போனதைப் பார்க்கிறேன்.

என் வீட்டிலேயே ஒருவருக்கு இந்த நோய் உண்டு. மருந்து ஒத்துக்கொள்ளும் வரை கை நடுங்கும், தூக்கம் ஒழுங்காக வராது. ஒரு வாரம் மலையேறலாம் போல இருக்கும், அடுத்த வாரம் பல் துலக்கவே மனம் வராது. அப்படிப்பட்ட உடம்போடும் மனதோடும், 2.37 மீட்டர் தள்ளி நின்று ஒரு விரல் அகலம்கூட இல்லாத கட்டத்தில் எறிகிற தொழிலை இருபது ஆண்டு செய்வது எனக்குச் சாதாரணமாகப் படவில்லை.

ஸ்டோக்_ரசிகன் எழுதியது:

அக்கா, அதை மதிக்கிறேன், மனதார. ஆனால் இதைத்தான் எதிர்பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். நோயைச் சொன்ன பிறகு யாரும் எதுவும் பேச முடியாது. அப்புறம் 2018 டிசம்பரையும் பேச வேண்டும். ஜப்பானின் அசாடாவை வென்ற பிறகு அவர் முகத்துக்கு நேரே வேட் கத்திக் கொண்டாடியது, பேட்டியில் பேசிய விதம், இரண்டுமே அசிங்கமாக இருந்தன. அதற்கும் நோயையே காரணமாகச் சொன்னார்கள்.

லெஸ்டர்_அக்கா எழுதியது:

அசிங்கமாகத்தான் இருந்தது, இல்லை என்று நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டார், தனக்கு அப்போது மிகையெழுச்சி நிலை என்று விளக்கினார். விளக்கம் வேறு, சாக்கு வேறு. எங்கள் வீட்டில் இந்த வித்தியாசத்தைக் கற்றுக்கொள்ள எங்களுக்குப் பல வருடம் ஆயிற்று.

தம்பி, நான் நோயைக் காட்டி அவருக்கு மதிப்பெண் கேட்கவில்லை. பட்டியலில் அவர் எத்தனையாவது என்பது எனக்கு முக்கியமே இல்லை. "அங்கேயே நின்றுவிட்டார்" என்று நீங்கள் எழுதினீர்களே, அந்தச் சொல்தான் உறுத்தியது. அந்த மனிதர் எங்கேயும் நிற்கவில்லை. 2025-இல், 42 வயதை எட்டிய ஆண்டில், யுகே ஓப்பன் இறுதிக்கும் மேட்ச்ப்ளே இறுதிக்கும் போனார்.

ஸ்டோக்_ரசிகன் எழுதியது:

சொல்லை மாற்றிக்கொள்கிறேன், அக்கா. நான்கு அரையிறுதியிலும் தோற்றார். அவ்வளவுதான், அது உண்மை.

டபுள்_பத்து எழுதியது:

அக்கா சொன்ன 2025 மேட்ச்ப்ளேயைக் கொஞ்சம் விரித்துச் சொல்லியே ஆக வேண்டும். அது வேடின் ஏழாவது மேட்ச்ப்ளே இறுதி. எதிரே லூக் லிட்லர். லிட்லர் பிறந்தது 2007 ஜனவரியில். அதே ஆண்டுக் கோடையில், அதே பிளாக்பூல் விண்டர் கார்டன்ஸில் வேட் கோப்பையைத் தூக்கியபோது லிட்லர் கைக்குழந்தை. பதினெட்டு ஆண்டு கழித்து, அந்தக் குழந்தை உலகச் சாம்பியனாக வளர்ந்து எதிரே வந்து நிற்கும்போதும் வேட் அதே மேடையில் இருக்கிறார். 18-13 என்று தோற்றார், சரி. அன்று லிட்லரிடமிருந்து பதின்மூன்று லெக் எடுத்தார்.

அட்ரியன் லூயிஸை எனக்கும் பிடிக்கும். அவர் கையில் இருந்த வேகம் வேடிடம் என்றுமே இல்லை. ஆனால் அந்த இரண்டு உலகப் பட்டங்களுக்குப் பிறகு தனியாட்டத்தில் அவர் எடுத்த பெரிய பட்டங்கள் 2013 ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பும் 2014 யுகே ஓப்பனும்தான். இரண்டு ஜனவரிகளை இருபது ஆண்டுகளுக்குச் சமம் என்று வைப்பது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை.

ஸ்டோக்_ரசிகன் எழுதியது:

இரண்டு ஜனவரியா? உலகப் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். மைக்கேல் வான் கெர்வனே மூன்று முறை வென்றும் அடுத்தடுத்த ஆண்டில் வென்றதில்லை. 2014, 2017, 2019. லூயிஸ் செய்தார்.

பெரிய மேடையில் வேட் ஆடிய ஆட்டங்களை நினைத்தால் எனக்கு என்ன ஞாபகம் வருகிறது தெரியுமா? 2010 பிரீமியர் லீக் இறுதியில் டெய்லர் ஒரே ஆட்டத்தில் இரண்டு ஒன்பது டார்ட் லெக் எறிந்தார், எதிரே நின்றவர் வேட். 2013 உலக அரையிறுதியில் வான் கெர்வன் ஒன்பது டார்ட்டில் ஒரு லெக்கை முடித்து, அடுத்த லெக்கிலும் எட்டு டார்ட் வரை போய் டபுள் 12-ஐத் தவறவிட்டார், அப்போதும் எதிரே வேட். மற்றவர்களின் வரலாறு நடக்கும்போது பக்கத்தில் நின்றவர் என்றுதான் என் மனதில் பதிந்திருக்கிறது.

டபுள்_பத்து எழுதியது:

அந்த 2010 இறுதியின் முடிவு 10-8. ஒரே ஆட்டத்தில் இரண்டு ஒன்பது டார்ட் லெக் வாங்கியும் எட்டு லெக் எடுத்திருக்கிறார். அதைப் பக்கத்தில் நின்றது என்று சொல்வீர்களா?

அவரே எறிந்த ஒன்பது டார்ட்டுகளும் உண்டு. 2014 கிராண்ட் பிரீயில் ராபர்ட் தார்ன்டனும் வேடும் ஒரே ஆட்டத்தில் ஆளுக்கொன்று எறிந்தார்கள், அதுவும் டபுளில் தொடங்கும் போட்டியில். ஆட்டத்தை வென்றவர் வேட். அலெக்சாண்ட்ரா பேலஸிலும் 2020 டிசம்பரில் ஸ்டீஃபன் பன்டிங்கோடு ஆடும்போது ஒன்று எறிந்தார். அந்த ஆட்டத்தில் தோற்றார் என்பதை நீங்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

நிதானக்கை எழுதியது:

மூன்று நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன். இருவரும் வேடா லூயிஸா என்றே சுற்றுகிறீர்கள். லூக் ஹம்ப்ரீஸை எப்படி மறந்தீர்கள்?

நியூபரிக்காரர், 1995-இல் பிறந்தவர். 2023 இலையுதிர் காலத்தில் தொடங்கிய ஓட்டத்தைப் பாருங்கள். கிராண்ட் பிரீ, கிராண்ட் ஸ்லாம், பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் ஃபைனல்ஸ், அதையடுத்து 2024 ஜனவரியில் லிட்லரை 7-4 என்று வென்று உலகப் பட்டம். அதே ஆண்டு மேட்ச்ப்ளே, பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் மறுபடியும். 2025-இல் வேர்ல்ட் மாஸ்டர்ஸ், பிரீமியர் லீக். எட்டுப் பெரிய பட்டங்கள், அதில் உலகப் பட்டமும் சேர்த்தி. எல்லாம் இரண்டு ஆண்டுக்குள்.

டபுள்_பத்து எண்ணிக்கை வேண்டும் என்கிறார், ஸ்டோக்_ரசிகன் உலகப் பட்டம் வேண்டும் என்கிறார். ஹம்ப்ரீஸிடம் இரண்டும் இருக்கின்றன. அக்கா சொன்னதும் இவருக்குப் பொருந்தும். மேடையில் வந்த பதற்றத்தோடு போராடி மீண்டவர், அதை வெளியே சொல்லவும் தயங்காதவர்.

புதுமுகம்_24 எழுதியது:

ஆமாம், நானும் இதைக் கேட்கத்தான் இருந்தேன். 2024 இறுதியில் லிட்லர் 4-2 என்று முன்னால் இருந்தார். டபுள் 2 விழுந்திருந்தால் 5-2. தவறியது. அங்கிருந்து ஹம்ப்ரீஸ் ஐந்து செட்டும் எடுத்தார். பின்தங்கியிருந்து வருவதுதான் பெருமை என்றால் இதுவும் அதுதானே?

ஸ்டோக்_ரசிகன் எழுதியது:

ஹம்ப்ரீஸ் லூயிஸுக்கு மேலா? யோசிக்க வேண்டும். இரண்டு உலகப் பட்டங்களுக்கு எதிரே ஒன்று. ஆனால் மீதி ஏழும் கனமானவை, மறுக்க மாட்டேன். அவர் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார் என்பதால் நான் காத்திருக்கிறேன்.

டபுள்_பத்து எழுதியது:

இன்று மதியம் 2021 யுகே ஓப்பன் இறுதியை மறுபடி பார்த்தேன். வேட் 11-5, எதிரே ஹம்ப்ரீஸ். அப்போது அவரிடம் ஒரு பெரிய பட்டமும் இல்லை. காலி அரங்கு என்று ஸ்டோக்_ரசிகன் சொன்னது உண்மைதான். டார்ட் பலகையில் குத்தும் சத்தம் அத்தனை தெளிவாகக் கேட்கிறது. வேடுக்கு அந்த அமைதி பிடித்திருந்தது போலத்தான் தெரிந்தது.

அதைப் பார்த்து முடித்துவிட்டு, ஹம்ப்ரீஸ் அன்றிலிருந்து எங்கே போய்ச் சேர்ந்தார் என்று எண்ணிப் பார்த்தேன். நிதானக்கை சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. என் ஐந்தாவது இடம் ஹம்ப்ரீஸுக்கு. வேட் ஆறாவது.

லூயிஸ் ஏழாவது, ஸ்டோக் நண்பரே. அதில் மாற்றம் இல்லை.

ஸ்டோக்_ரசிகன் எழுதியது:

என் பட்டியலில் லூயிஸ் ஐந்து, ஹம்ப்ரீஸ் ஆறு, வேட் ஏழு. நேற்றுவரை வேட் என் முதல் பத்திலேயே இல்லை.

லெஸ்டர்_அக்கா எழுதியது:

இன்றைக்கு எங்களுக்கு லீக் ஆட்டம். 20 மீதம் வந்தால் வழக்கமாகப் பயந்துபோய் வேறு வழி தேடுவேன். இன்று நேராக டபுள் 10-க்கே எறிந்து பார்க்கிறேன், வந்து சொல்கிறேன்.